இக்போவின் கீழ்ப்புள்ளி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நைஜீரியாவில் ஏனுகு நகரத்துப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். தாய்மொழிவழிக் கல்விக் கொள்கையை 2025 நவம்பரில் அரசு கைவிட்டுவிட்டது. இனி இங்குள்ளவர்களின் இக்போ மொழி பிழைக்குமா? சட்டம் போட்டுக் கட்டாயப் பாடமாக்கினால் போதாதா? இங்கே இக்போ டீச்சர், உயிரெழுத்தின் கீழே புள்ளி விட்டுப்போனால்கூட மதிப்பெண்ணைக் குறைக்கிறார். மொழியே போகிறபோது புள்ளி ஒரு கேடா?

ச.

அன்புள்ள ச.,

வேற்று மண்ணின் மொழிக்காக வருந்தும் மனசு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் சட்டத்தை நம்பாதீர்கள். தொடக்க வகுப்பில் தாய்மொழி என்பது அங்கே 1977 கல்விக் கொள்கையிலேயே உண்டு. 2022இல் ஆறாம் வகுப்புவரை நீட்டினார்கள். மூன்றே ஆண்டில் ரத்து. பிழைக்குமா என்ற ஆரூடமும் வேண்டாம்.

அந்தக் கடைசி வரி ஒரு வாத்தியார் எழுதுகிற வரியா? தசமப்புள்ளியை விட்டவனுக்கு நீங்கள் முழு மதிப்பெண் போடுவீர்களா?

இக்போவை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கான 1961இன் ஓன்வு எழுத்துமுறையில் 36 எழுத்துகள், அதில் உயிர் 8. இ, ஒ, உ மூன்றும் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் வரும். புள்ளியில்லாத மூன்றும் எ-வும் ஒரு கூட்டம்; புள்ளியுள்ள மூன்றும் அ-வும் மறு கூட்டம். தனிச்சொல்லில் பெரும்பாலும் இரண்டும் கலப்பதில்லை (கூட்டுச்சொல்லில் கலக்கும்). ‘ஓ ரிரி’ என்றால் அவன் உண்டான். ‘ஓ ஸரா’ என்றால் துடைப்பத்தால் பெருக்கினான். முதல் ஓ-வுக்குப் புள்ளி கிடையாது, இரண்டாவதற்கு உண்டு. அதற்கு வாய் இன்னும் அகலத் திறக்க வேண்டும்.

ஓலைச்சுவடியில் நம்மவர்கள் புள்ளியில்லாமலே படித்தார்களே என்று கிளம்பாதீர்கள். அவர்கள் வாயில் மொழி இருந்தது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்கிற பிள்ளைக்குப் புள்ளி போனால் உச்சரிப்பும் போச்சு. குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக்குறி வேறு விவகாரம். அன்றாட எழுத்தில் அதைப் பெரும்பாலும் போடுவதில்லை.

36 எழுத்தையும் அட்டையில் மாட்டி முதல் நாளே கோரஸ் பாடவைப்பதுதான் தப்பு. முதலில் காது பழகட்டும். உண், சமை, வசி என்ற பொருளுள்ள இக்போ வினைகள் ஒரு பக்கம். பெருக்கு, கழுவு, படி மறுபக்கம். இறந்தகாலத்தில் சொல்லவையுங்கள்: ரிரி, சிரி, பிரி, ஸரா, சரா, குரு. விகுதி வினையின் உயிரையே திருப்பிச் சொல்வதைப் பிள்ளைகள் தாமே பிடித்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் எழுத்து. எழுத்தை எழுதிய கையோடு புள்ளியும் விழ வேண்டும்; வரி முடிந்தபின் வைத்தால் குத்துமதிப்பாகத்தான் விழும். வினாத்தாளை ஆங்கில விசைப்பலகையில் தட்டிவிட்டுப் பிள்ளையிடம் புள்ளி கேட்பது அநியாயம். கணினி தெரிந்தவர் நீங்கள்தானே, அந்த டீச்சருக்கு இக்போ விசைப்பலகையை நிறுவிக் கொடுங்கள்.