லினக்ஸ் இலவசம் எண்டு பெனர் கட்டினா ஆள் வருமா?

கேள்வி: அண்ணே, எங்கட கழகம் வாற மாதம் ஊர்க் கண்காட்சியில ஒரு ஸ்டோல் போடப்போகுது. போன முறை, விண்டோஸுக்குப் பதிலா லெப்டொப்ப ஓட்டுற லினக்ஸப் பத்திச் சொல்லுவம் எண்டு, "லினக்ஸ் இலவசம்" எண்டு பெரிசா பெனர் கட்டி ரெண்டு லெப்டொப் வெச்சிட்டு இருந்தம், வந்த ஆக்கள் எல்லாம் இது அன்டிவைரஸா, போனுக்குப் போடலாமா, லெப்டொப் என்ன விலை எண்டுதான் கேட்டாங்க. இந்த முறை என்ன செய்யிற?
- கல்லடி வாசகர்

பதில்: தம்பி, முதல்ல அந்த பெனரக் கழட்டுங்க. நம்மட ஆக்களுக்கு இலவசம் எண்டது ஒரு புதினமே இல்ல, ஏனெண்டா விண்டோஸுக்கும் ஆரும் காசு குடுத்ததா நினைக்கிறல்ல, கடையில ஃபோர்மட் அடிச்சித் தந்த பெடியனுக்குக் கூலி குடுத்தாங்க, அவ்வளவுதான். "பழைய லெப்டொப் இரிக்கா? கொண்டு வாங்க பாப்பம்" எண்டு எழுதிப் போடுங்க. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சிட்டு, 11க்குப் போவம் எண்டா டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் இரிக்கா எண்டு கேக்குது, ப்ரோசசர் பழசெண்டா எடுக்கவே மாட்டன் எண்டுது. மகன்ட படிப்புக்கு எடுத்துக் குடுத்த லெப்டொப் அலுமாரிக்கு மேல தூசி பிடிச்சிக் கிடக்கிற வீட்டு ஆக்கள்தான் உங்களுக்கு வேணும்.

அவங்கட லெப்டொப்பிலயே காட்டுங்க, உங்கட லெப்டொப்ல காட்டினா அது உங்கட கெட்டித்தனம் எண்டுதான் நினைப்பாங்க. மின்ட் எண்ட லினக்ஸ் வகைய ஏத்தின பென் ட்ரைவக் குத்தி, ஓன் பண்ணக்குள்ள டெல் எண்டா எஃப் 12, எச்பி எண்டா எஃப் 9 தட்டினா பென்னில இருந்தே மின்ட் எழும்பி வரும், டிஸ்க்ல நீங்களாக் கை வைக்காட்டி அது ஒண்டையும் மாத்தாது. மறுகா பென்னக் கழட்டி ரீஸ்டார்ட் பண்ணி, பழைய விண்டோஸ் அப்பிடியே வாறதையும் காட்டுங்க, அந்தப் பயம் போனாத்தான் மத்தக் கதை காதில ஏறும். மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ எண்ட பாரம் குறைஞ்ச வகை 2 ஜிபி ரேம்லயும் ஓடும், 4 இருந்தா நிம்மதி. மின்ட் ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், அத ஸ்டோல்ல இருந்து போன் டேட்டாவில இறக்கிக்கொண்டு நிக்காம வீட்டிலயே இறக்கி வெச்சிடுங்க.

ஆனா ஸ்டோல்ல வெச்சு இன்ஸ்டோல் பண்ணப்படாது. நான் பண்ணினவன். ஒரு டீச்சர் ஆசையா லெப்டொப்பத் தந்தாங்க, பின்னால நாலு பேர் வரிசையில, ஜெனரேட்டர் வேற இப்பவோ அப்பவோ எண்டு இருமிக்கொண்டு நிக்குது, நான் அவசரத்தில விண்டோஸுக்குப் பக்கத்தில போடுறத விட்டிட்டு டிஸ்க் முழுக்க அழிக்கிறத அமத்திட்டன். மூணு வருசத்து தவணைப் பரீட்சைப் பேப்பர், பேரப்புள்ளட படம், எல்லாம் போச்சி. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன், "பரவாயில்ல மனே" எண்டிட்டு லெப்டொப்ப உரப்பைக்குள்ள வெச்சிட்டுப் போனாங்க. அதுக்குப் பிறகு எங்கட ஸ்டோல்ல காட்டுறது மட்டும்தான். போட விரும்பினா பேக்கப் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாங்க எண்டு ஒரு துண்டில எழுதிக் குடுக்கிறம். பத்துப் பேருக்குக் குடுத்தா ரெண்டு பேர் வருவாங்க, வாற ரெண்டு பேரும் விட்டிட்டு ஓடுற ஆக்கள் இல்ல.

இன்னொண்டு, பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட். இஞ்ச ஸ்கூல், பிரிண்டிங் கடை, கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினிதான், அந்த ஃபைல லினக்ஸ்ல திறந்தா இங்கிலீஸ் எழுத்து கண்டபடி கிடக்கும், "பாத்தீங்களா, இதில தமிழ் வேலை செய்யாது" எண்டு எழும்பிப் போயிடுவாங்க. அதில பிழையே இல்ல. பாமினியில தமிழ் எண்டு அடிச்சா உள்ளுக்க கிடக்கிறது ஜே, கே, பி, ஓ, பிறகொரு செமிகோலன், அதுக்குத் தமிழ் வேசம் போடுறது ஃபொன்ட். அந்த ஃபொன்ட்ட ஹோம் ஃபோல்டருக்குள்ள டொட் ஃபொன்ட்ஸ் (.fonts) எண்டு ஒரு ஃபோல்டர் செஞ்சு அதுக்குள்ள போட்டுக் காட்டுங்க, லிப்ரே ஒஃபிஸ்ல எழுத்து பழையபடி வந்திடும். ஒரு பழைய பரீட்சைப் பேப்பர சாம்பிளுக்குக் கையில வெச்சிருங்க, நான் கண்ட மட்டில அரை மணித்தியாலப் பேச்ச விட அதுதான் வேலை செய்யும்.

கேள்வி: லினக்ஸ் எண்டு சும்மா தாற சாமான எப்பிடி நம்புற, இத ஆர் செய்யிறாங்க எண்டு வாப்பா கேக்கார். என்ன சொல்ல?
- மருதமுனை வாசகி

பதில்: வாப்பாட கையில இரிக்கிறது அன்ட்ராய்ட் போனா எண்டு பாருங்க தங்கச்சி, அதுக்குள்ள ஓடுறதும் லினக்ஸ்ட கேர்னல் எண்ட அடிப்பகுதிதான், 1991ல பின்லாந்தில லினஸ் டோர்வால்ட்ஸ் எண்ட மாணவன் தொடங்கினது. அது தூரத்துக் கதை எண்டா, 2004 சுனாமிக்குப் பிறகு காணாமப்போன ஆக்களத் தேடவும் முகாம்களப் பதியவும் நம்மட நாட்டு ஆக்களே சேர்ந்து சகானா எண்டு ஒரு மென்பொருள் எழுதினாங்க, அதுவும் லினக்ஸ் மாதிரி ஆரும் உள்ளுக்குப் பாத்து மாத்தக்கூடிய திறந்த மூலம்தான், பிறகு 2005 பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் அத எடுத்துப் பாவிச்சாங்க. மருதமுனையில சுனாமி எண்டா ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்ல, அதில இருந்தே கதையத் தொடங்குங்க.

கேள்வி: லினக்ஸ்ல வாலரன்ட் விளையாடலாமா?
- ஏறாவூர் மாணவன்

பதில்: ஏலாது மகன். ஸ்டீம் எண்ட ஒன்லைன் கேம் கடையில இரிக்கிற கனக்க கேம் ஓடும், இது ஓடாது. ஸ்டோல்ல கேட்டாலும் இதேமாதிரி நேராச் சொல்லுங்க, ஓடும் எண்டு சொல்லி அனுப்பினா அவன் அடுத்த நாள் முழு வகுப்பையும் கூட்டிக்கொண்டு வந்து நிப்பான்.