கேபின் எண் தெரியாமல் கப்பல் பயணம் பதிவு செய்யலாமா?

கேள்வி: பிள்ளைகளின் ஆகஸ்ட் விடுமுறையில் சவுதாம்ப்டனிலிருந்து பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஐயோனா கப்பலில் ஏழு இரவு நோர்வே ஃபியோர்டுப் பயணம் (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடற்கழிகளைப் பார்க்கும் பயணம்) போக விரும்புகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், 74 வயது அம்மா என ஐந்து பேர். இரண்டு கேபின்கள் வேண்டும். அம்மா இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார். ஊன்றுகோலுடன் நடப்பார், இரவில் இரண்டு தடவையாவது எழும்புவார். கேபின் எண் இல்லாமல் ‘கேரண்டி’யாக எடுத்தால் பல நூறு பவுண்ட் மிச்சம் என்றும், அதிர்ஷ்டம் இருந்தால் சன்னல் இல்லாத உள்கேபின் விலைக்குப் பால்கனி உள்ள கேபினே கிடைக்கும் என்றும் முகவர் சொல்கிறார். எடுக்கலாமா? (ஹாரோவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பயணத்தில் கேரண்டி கேபின் வேண்டாம். நீங்களும் கணவரும் மட்டும் போவதாக இருந்தால், தயங்காமல் எடுங்கள் என்று எழுதியிருப்பேன். அந்தக் கட்டணத்தில் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் இந்த இரண்டு பதில்களுக்கும் காரணம் விளங்கும்.

‘கேரண்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதுபோல் தோன்றும். அங்கே உறுதி தரப்படுவது கேபினின் வகைக்கு மட்டும்தான். உள்கேபினுக்குப் பணம் கட்டினால் உள்கேபினோ அதற்கு மேற்பட்டதோ தருவார்கள்; அதற்குக் கீழே இறக்க மாட்டார்கள். எந்தத் தளம், கப்பலின் எந்தப் பகுதி, யாருக்குப் பக்கத்தில் என்பதையெல்லாம் நிறுவனமே முடிவு செய்யும். எண் பல வாரங்களுக்கு முன்பே வரலாம். புறப்படச் சில நாட்களே இருக்கும்போதும் வரலாம். வந்த பிறகு பிடிக்கவில்லை என்று மாற்றக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்காது.

நிறுவனங்கள் ஏன் இதைக் குறைந்த விலைக்கு விற்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எண் குறிக்காமல் விற்ற கேபின்கள், கப்பலை நிரப்புபவர்களின் கையில் இருக்கும் காலிக் கட்டங்கள் போன்றவை. நான்கு பேர் தங்கும் கேபின் கேட்டு ஒரு குடும்பம் கடைசியில் வந்தால், இரண்டு பேருக்கு அதைக் கொடுத்துவிடாமல் வைத்திருக்கலாம். ஒரு வகை அளவுக்கு மேல் விற்றுவிட்டால் சிலரை அடுத்த வகைக்கு ஏற்றிச் சமாளிக்கலாம். அந்த வசதிக்கு அவர்கள் உங்களுக்குத் தரும் விலையே கட்டணக் குறைப்பு. இது நேர்மையான வியாபாரம்தான். எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்றால் நமக்கும் நட்டமில்லை.

பி அண்ட் ஓ நிறுவனம் பல ஆண்டுகளாக விற்றுவந்த கட்டணங்கள் மூன்று. ‘செலக்ட்’ கட்டணத்தில் கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்; அதோடு கப்பலில் செலவிடும் பணம், சவுதாம்ப்டனில் கார் நிறுத்தும் இடம், துறைமுகத்துக்குப் பேருந்து ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். முன்கூட்டியே விற்கும் ‘ஏர்லி சேவர்’, கடைசி மாதங்களில் விற்கும் ‘சேவர்’ இரண்டிலும் எண் நிறுவனத்தின் கையில். மேற்சொன்ன சலுகைகளும் இல்லை. பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எம்எஸ்சி என்ற இன்னொரு கப்பல் நிறுவனத்தின் ‘பெல்லா’ கட்டணமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பெயர் எதுவானாலும், கேபின் எண் யார் கையில், முன்பணம் திரும்புமா, எண்ணை மாற்ற முடியுமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டால் அந்தக் கட்டணத்தின் உண்மை உருவம் தெரிந்துவிடும்.

செலக்ட் எடுத்தால் சாப்பாட்டு ஏற்பாட்டையும் தேர்ந்தெடுக்கலாம் என்று சில முகவர்கள் சொல்வதுண்டு. ஐயோனாவின் முதன்மை உணவகங்களில் நேரம் குறித்த மேசை முறை கிடையாது. எல்லாருக்கும் விரும்பிய நேரத்தில் போகும் முறைதான். ஆகவே அந்தக் காரணத்துக்காக ஒரு பவுண்ட் கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி, முகவர் சொன்ன அந்தப் பால்கனி. அப்படிக் கிடைப்பதுண்டு, நானே கண்டிருக்கிறேன். ஆனால் பள்ளி விடுமுறையில் பால்கனிகள் முழு விலைக்கே விற்றுத் தீரும் காலத்தில், உள்கேபின் எடுத்தவரை அங்கே ஏற்ற வேண்டிய தேவை நிறுவனத்துக்கு அரிதாகவே வரும். அப்படியே ஏற்றினாலும் அது உங்களுக்கு உயர்வாக அமையும் என்று சொல்ல முடியாது. கப்பலின் நடுவே ஆட்டம் குறைந்த உள்கேபினுக்குப் பதிலாக முன்முனையில் ஒரு பால்கனி கிடைத்தால், வட கடலில் அலை எழும் இரவில் உங்கள் அம்மாவுக்கு அந்தப் பால்கனியால் என்ன பயன்?

இடம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐயோனா ஏறக்குறைய 345 மீட்டர் நீளமுள்ள, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியும், அமரம் என்று சொல்லும் பின்பகுதியும் ஏறி இறங்கும் அளவுக்கு நடுப்பகுதி ஏறி இறங்காது. உயரமான தளங்களைவிடத் தாழ்ந்த தளங்களில் ஆட்டம் குறைவு. தாழ்ந்த தளத்தின் முன்முனையிலோ வேறு தொல்லை உண்டு: விடியற்காலையில் துறைமுகத்தை அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரங்கள் அதிர்ந்து கட்டிலை நடுங்க வைக்கும்.

மேல்தளத்துக்கு நேர் கீழே கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நானே பட்டறிந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் கேரண்டியாக எடுத்த கேபின், நீச்சல் குளத் தளத்துக்கு அடியில் அமைந்தது. காலை ஐந்தரை மணிக்கே ஊழியர்கள் தளத்தைக் கழுவிவிட்டுச் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்துவார்கள். ஒவ்வொரு நாற்காலியும் தரையைக் கீறிக்கொண்டு நகர்வது தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை கேட்கும். ஒன்று நின்றதும் அடுத்தது தொடங்கும். ஏழு நாளும் அப்படித்தான் விடிந்தது. கேபினில் வேறொரு குறையும் இல்லை, ஒப்பந்தப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. முறையிட இடமில்லை என்பதுதான் அந்தக் கட்டணத்தின் இயல்பு.

உங்கள் விஷயத்தில் இதையெல்லாம்விடப் பெரியது, இரண்டு கேபின்களும் அருகருகே அமையுமா என்பது. கேரண்டியில் எடுக்கும் இரண்டு கேபின்களை ஒன்றாக ஒதுக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. இரண்டு பதிவுகளையும் இணைத்துவைத்து முகவர் குறிப்பு எழுதலாம். அது வேண்டுகோளாக நிற்குமே தவிர வாக்குறுதி ஆகாது. ஒரு கேபின் அணியத்துக்கு அருகில் ஒரு தாழ்ந்த தளத்திலும் மற்றது அமரத்துக்கு அருகில் பன்னிரண்டாம் தளத்திலும் விழுந்தால், அம்மா இரவில் கூப்பிடும்போது நீங்கள் நீண்ட நடைவழியைக் கடந்து மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும். மகளை அம்மாவோடு படுக்க வைக்கத்தானே நினைத்திருப்பீர்கள்? பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பி அந்தத் தூரத்தை விடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நடுவே கதவு வைத்து இணைத்த கேபின்கள் கிடைத்தால் மிக நல்லது. அவை எண்ணிக்கையில் குறைவு, முதலில் விற்றுப்போகும், எண் தேர்ந்தெடுத்தால் மட்டுமே உறுதியாகும்.

நீங்கள் இருவரும் மகனும் தங்கும் கேபினில் மூன்றாவது படுக்கை வேண்டும். அது எல்லாக் கேபின்களிலும் இருக்காது. மேலிருந்து இறக்கும் படுக்கையாகவோ சோஃபாவை விரிக்கும் படுக்கையாகவோ சிலவற்றில் மட்டும் இருக்கும். உயிர்காப்புப் படகுகளில் எத்தனை பேருக்கு இடம் என்ற கணக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் உண்டு. அதனால் கேபின் காலியாக இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்ற பதில் வரலாம். ஆகஸ்டில் போகும் குடும்பங்கள், கடைசியில் விலை இறங்கும் என்று காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பணக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் முகவர் தந்த விலைகளை இப்படிப் போட்டுப் பாருங்கள். பேச்சுக்கு, ஒரு கேபினுக்குச் சேவர் வகையில் 300 பவுண்ட் குறைவு என்றும், செலக்ட் எடுத்தால் அதே கேபினுக்குக் கப்பலில் செலவிட 140 பவுண்ட் தருகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான வித்தியாசம் 160 பவுண்ட். ஏழு இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு ஏறக்குறைய 23 பவுண்ட். கரைச் சுற்றுலாவுக்கோ பானங்களுக்கோ எப்படியும் செலவழிப்பவர்கள் அந்த 140ஐ முழுதாகக் கழிக்கலாம். கப்பலில் எதுவும் வாங்காதவர்கள் கழிக்கக் கூடாது. ஐந்து பேரும் பெட்டிகளோடு ஒரே வண்டியில் போவதானால், ஒரு கேபினுக்குக் கார் நிறுத்துமிடமும் மற்றதற்குச் செலவுப் பணமும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே காருக்கு இரண்டு இடம் தேவையில்லை. வேறு நிறுவனத்தோடு ஒப்பிடுவதானால், பி அண்ட் ஓ 2019 மே மாதத்திலிருந்து ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகையைத் தனியே கணக்கில் ஏற்றுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் ஏறும்.

அந்த வித்தியாசமும் கைக்கு எட்டவில்லை என்றால், வகையைக் குறைத்து இடத்தைக் காப்பாற்றுங்கள். கேரண்டியில் வரும் இரண்டு பால்கனிகளைவிட, நடுப்பகுதியில் நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு பால்கனியும் அதற்கு அருகில் ஓர் உள்கேபினும் உங்களுக்குப் பொருந்தும். பால்கனியை அம்மாவுக்குக் கொடுங்கள். மலையும் அருவியும் பக்கத்தில் நகரும்போது கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார அவருக்கு ஓர் இடம் வேண்டும், நீங்கள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இடப்பக்கமா வலப்பக்கமா என்று கவலைப்பட வேண்டாம். ஃபியோர்டுக்குள் போன வழியாகத்தான் கப்பல் திரும்பி வரும். போகும்போது காணாத கரையை வரும்போது காணலாம்.

கட்டணத்தைவிட அவசரமான ஒரு விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் நோர்வே போக அம்மாவுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான நுழைவு அனுமதி) வேண்டும். பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் இருப்பது அதற்கு ஈடாகாது. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. மீதிப் பணத்தையோ பொதுவாகப் புறப்படுவதற்கு மூன்று மாதங்கள் இருக்கும்போது கட்ட வேண்டும். அதன்பின் ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். எனவே பயணத்துக்கு ஆறு மாதம் என்ற நாள் வந்ததுமே விண்ணப்பம் போட்டால்தான் மீதிப் பணம் கட்டும் நாளுக்கு முன் முடிவு தெரியும். விசா மறுப்பைப் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் ஈடுசெய்யா. ஒரு வழி உண்டு: போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்த்து விற்கும் பயணங்களுக்கான 2018ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொகுப்புப் பயண விதிகள் கப்பல் பயணத்துக்கும் பொருந்தும். அவற்றின்படி, குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் அறிவித்து, நியாயமான மாற்றுச் செலவைக் கொடுத்தால், அம்மாவின் இடத்தைத் தகுதியுள்ள இன்னொருவருக்கு மாற்றலாம்.

ஊன்றுகோல், இரவில் எழும்புவது இரண்டையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலிக்கென அமைத்த கேபின்கள் உண்மையில் தேவைப்படுவோருக்கு உரியவை, உங்கள் அம்மாவுக்கு அது அவசியமில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் மருத்துவர் வேறு சொன்னால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேபின் எண்களையும் முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தள வரைபடத்தை விரித்து, மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கின்றனவா, உணவகமோ அரங்கமோ நீச்சல் குளமோ வருகிறதா என்று பாருங்கள். மின்தூக்கியிலிருந்து அம்மாவின் கதவு எத்தனையாவது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.