வெள்ளவத்தைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

கோவையிலிருந்து இலங்கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இரண்டு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று இருக்கிறோம், தப்பித் தவறி நின்றுவிட்டால் ஊரில் போல இங்கேயும் ஆஸ்பத்திரியில் கலைத்துக்கொள்ளலாம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதும்மா. பதினான்கு வருஷம் முன்னால் நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன்.

இந்தியாவில் 1971லேயே கருக்கலைப்புக்குச் சட்டம் வந்துவிட்டது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருத்தடை தவறினால் கல்யாணமாகாத பெண்ணுக்கும் 20 வாரம் வரை வழி உண்டு. இங்கே இன்னும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டுமே 303ஆம் பிரிவு விடும். மற்றபடி மூன்று வருஷம் வரை சிறை, வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு வரை. செய்தவருக்கு மட்டுமில்லை, அந்தப் பெண்ணுக்கும்தான். வன்புணர்வில் உண்டான கருவுக்கும், பிறந்தாலும் பிழைக்காத சிசுவுக்கும் விலக்குத் தரலாம் என்று 2017இல் பேச்சு எழுந்தது. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அப்படியே நின்றுபோனது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருந்தாலும் சுமந்துதான் ஆக வேண்டும் என்பதை என் மனசு இன்றுவரை ஏற்கவில்லை.

கருத்தடைக்குத் தடை எதுவும் இல்லை. அரசு கிளினிக்குகளில் இலவசம். கொழும்பு 7, புல்லர்ஸ் லேனில் குடும்பத் திட்டமிடல் சங்கம் இருக்கிறது, 1953இல் தொடங்கியது. அவசரத்துக்கு, காலி ரோட்டுப் பார்மசிகளில் போஸ்டினார் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை கிடைக்கும். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கூட்டத்தில் கேட்க நாக்கு எழவில்லை என்றால் துண்டுச்சீட்டில் பெயரை எழுதி நீட்டுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மூன்று வருஷம் முன்பு எங்கள் மாடியில் இருந்த மதுரைப் பெண்ணுக்கு ஒன்பதாவது வாரத்தில் தானாகவே கலைந்துவிட்டது. வேண்டுமென்றே கலைத்ததாக எண்ணிப் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஒன்றரை நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் போனபோது குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது, பக்கத்தில் இரண்டு துண்டு நனைந்து கிடந்தன. த்ரீவீலரில் அள்ளிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கேட்டது கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியும் ரத்த வகையும்தான். கலைந்த பிறகு சிகிச்சை பெறுவது குற்றமே இல்லை. ரத்தம் போனால் ஒரு மணி நேரம்கூட யோசிக்காதீர்கள். யாரோ கைகாட்டும் ரகசிய கிளினிக், கள்ளத்தனமாக விற்கிற மாத்திரை பக்கம் மட்டும் போகாதீர்கள். நாள் தள்ளினால் உடனே பரிசோதியுங்கள். வேண்டாம் என்றால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், சென்னை விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான்.

உங்கள் தோழியும் அவருடைய காதலியும் வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் 2018இல் போய்விட்டது, இங்கே தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவாக இன்னும் இருக்கிறது, 1995 முதல் பெண்களையும் சேர்த்து. அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் அது சட்டமாகவில்லை. வரட்டும், வீட்டுச் சொந்தக்காரரிடம் தோழிகள் என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லச் சொல்வது எனக்கே வலிக்கிறது.

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு சொல்லுங்கள், புல்லர்ஸ் லேனுக்கு நானும் கூட வருகிறேன்.