சின்ன அலுவலகத்துக்கு எக்செல் போதுமா, டேட்டாபேஸுக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

"இந்தக் காலத்திலும் எக்செல்லா?" என்று யாரோ உங்களைக் கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நானும் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள்.

ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. பதிவது நான் ஒருத்தி, பார்ப்பது இரண்டு மூன்று பேர். பொருள் எண் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்திருந்தேன். இல்லையென்றால் 00417 என்று அடித்தால் 417 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அளவு பத்தியில் கிலோ, பெட்டி, டஜன் தவிர வேறு எதுவும் ஏறாதபடி பட்டியல் போட்டிருந்தேன். கணக்கு உதைத்ததே இல்லை.

புதிதாக வந்த மேலாளர், டேட்டாபேஸில் (பலரும் ஒரே நேரத்தில் பதியக்கூடிய தகவல் சேமிப்பில்) ஓடும் ஒரு பெரிய மென்பொருளை வாங்கினார். சப்ளையர் குறியீடு இல்லாமல் அதில் எதையும் சேமிக்க முடியாது. குறியீடு உருவாக்கும் அனுமதி தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும். வண்டி வாசலில் நிற்கும், அவர் போனை எடுக்க மாட்டார். கடைசியில் எல்லோரும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்தார்கள். சாயங்காலம் உட்கார்ந்து நான் ஏற்றினேன். வாங்குவதற்கு முன்பு பதிகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டேட்டாபேஸ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே நேரத்தில் பலர் பதிந்தாலோ, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது முக்கியமென்றாலோ கண்டிப்பாக மாறுங்கள். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் ஏறாமல் விடுபட்டன. ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகளை எக்செல்லின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் கோப்பில் ஏற்றினார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான், அதற்கு மேல் வந்தவை விடுபட்டன. புதிய வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10 லட்சம் வரிசைக்கு மேல் கொள்ளும் என்றாலும், ஒரு நாட்டின் தொற்றுக் கணக்கை வைக்கிற இடம் அதுவல்ல. என் கிடங்கின் கணக்கு சில ஆயிரம் வரிசையைத் தாண்டியதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருட மதிப்பீட்டில் எனக்கு "புதிய தொழில்நுட்பத்துக்கு ஒத்துழைப்பதில்லை" என்று எழுதினார்கள். தினமும் சாயங்காலம் அந்தச் சீட்டுகளை ஏற்றியது யார் என்று அந்தப் படிவத்தில் எழுத இடமே இல்லை. ஊதிய உயர்வும் போயிற்று. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

உங்கள் அலுவலகத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் பதிவார்கள்? கேள்வியில் அதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.