பழைய கியர் சைக்கிளை ஒற்றைப் பல்சக்கரத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: மகன் பள்ளி நாட்களில் ஓட்டிய 21 கியர் மவுண்டன் பைக் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. 26 அங்குலச் சக்கரம், இரும்புச் சட்டம், ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக். கியர் மாற்றினால் செயின் குதிக்கிறது. தஞ்சாவூருக்குள் அலுவலகம் போய்வரத்தான் வேண்டும். கியரையெல்லாம் கழற்றிச் சாதாரண சைக்கிள்போல ஆக்கலாமா? கடைக்காரர், "ஒரு பிரீவீல் மாட்டினால் முடிந்தது" என்கிறார். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழல விடும் பின் பல்சக்கரமாம் அது. மகனோ பிரீவீலே இல்லாத, சக்கரத்தோடு பெடலும் எப்போதும் சுற்றும் 'ஃபிக்ஸ்டு' சைக்கிளாக்கச் சொல்கிறான்.

பதில்: தாராளமாக ஆக்கலாம். மேம்பாலத்தைத் தவிர ஏற்றமே இல்லாத ஊரில் 21 கியர் வீண் சுமைதான். ஆனால் கடைக்காரர் சொன்னது பாதி வேலை. மீதிப் பாதியைச் செய்யாமல் விட்டால் செயின் கரகரவென்று அரைக்கும். அழுத்தி மிதிக்கும்போது கழன்று, காலை வாரிவிடும்.

முதலில் ஒன்று. செயின் குதிப்பதற்குப் பெரும்பாலும் துருப்பிடித்த கேபிளோ, வண்டி சாய்ந்து விழுந்தபோது உள்பக்கம் வளைந்துபோன டெரெய்லரோதான் (செயினைப் பின் பல்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் கருவி) காரணம். அதைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது. கியரே வேண்டாம், பராமரிப்புத் தொல்லை ஒழிந்தால் போதும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன், பின்சக்கர அச்சு உட்காரும் வெட்டைக் குனிந்து பாருங்கள். சாதாரண சைக்கிளில் அது படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கிக்கொள்ளலாம். பழைய மவுண்டன் பைக்குகள் சிலவற்றிலும் அப்படித்தான். வெட்டு நெட்டுக்குத்தாக இருந்தால் சக்கரம் நகராது. செயினை இறுக்க வேறு வழி வேண்டும். கையில் இருக்கும் வழி, பழைய டெரெய்லரையே கழற்றாமல் விடுவது. கேபிளை எடுத்துவிட்டு, அதிலுள்ள இரண்டு சிறு திருகாணிகளால் அதன் கப்பிகள் புதிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்கும்படி நிறுத்துங்கள். கேபிள் நுழைந்த இடத்திலுள்ள சரிசெய் திருகில் ஒரு துண்டுக் கேபிளை மாட்டி இறுக்கியும் நிறுத்தலாம். பார்க்க அழகாக இராது, வேலை செய்யும். பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால் சட்டம் அசையும்போதெல்லாம் செயினின் தேவை நீளமும் மாறும். அதில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

அடுத்தது பல் கணக்கு. முன்பக்கப் பற்களின் எண்ணிக்கையைப் பின்பக்க எண்ணிக்கையால் வகுங்கள். சமதரை ஊருக்கு 2.1 முதல் 2.5 வரை வந்தால் சரி. உங்கள் வண்டியின் முன்பக்க மூன்று பல்சக்கரங்களில் நடுச் சக்கரத்தில் பெரும்பாலும் 34 அல்லது 38 பற்கள் இருக்கும். 34-க்கு 16 போட்டால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 4.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். அலுவலகத்துக்கு வியர்க்காமல் போகும் வேகம் இது. குன்னூரிலிருந்து கேட்டிருந்தால், 2-க்குக் கீழே இறங்குங்கள், இல்லையென்றால் கியரைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். இதைச் செலவில்லாமல் சோதிக்கவும் வழி உண்டு: இப்போதுள்ள கியரில் இந்தக் கணக்குக்கு அருகில் வரும் ஒன்றில் நிறுத்தி, ஒரு வாரம் மாற்றாமல் ஓட்டுங்கள். முழங்கால் தீர்ப்புச் சொல்லிவிடும்.

இனி, கடைக்காரர் விட்டுவிட்ட பாதி. 21 கியர் வண்டியின் பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தில், ஏழு பல்சக்கரங்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக வலப்பக்க அச்சில் வாஷர்களையும் குழாய்த் துண்டுகளையும் அதிகமாக அடுக்கியிருப்பார்கள். அந்த ஏழு பல்சக்கரங்களையும் கழற்றிவிட்டு ஒற்றைப் பிரீவீலைத் திருகினால் அது ஹப்போடு ஒட்டி, மிகவும் உள்ளே போய் உட்காரும். முன்பக்க நடுச் சக்கரமோ அதைவிட வெளியே இருக்கும். 8, 10 மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். செயின் கோணலாக ஓடுவது இதனால்தான். ஓர் அடிக்கோலை முன் பல்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவைத்துப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். கோணல் கண்ணுக்கே தெரியும்.

இதற்கு மருந்து அச்சிலேயே இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து அந்த அளவுக்குத் துண்டுகளை உருவி இடப்பக்கம் மாட்டினால் ஹப் அப்படியே வலப்பக்கம் நகரும்; பிரீவீலும் வெளியே வரும். இருபக்க மொத்த அகலம் மாறக் கூடாது. சட்டத்துக்குள் சக்கரம் முன்புபோலவே பொருந்த வேண்டும். ஹப் நகர்ந்ததும் ரிம்மும் கூடவே வலப்பக்கம் போயிருக்கும். வலப்பக்க ஆரக் கம்பிகளைத் தளர்த்தி, இடப்பக்கக் கம்பிகளை இறுக்கி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கோட்டம் எடுக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைச் செய்வார், கேட்டால். கேட்காவிட்டால் செய்ய மாட்டார். இதில் ஒரு லாபமும் உண்டு: இருபக்கக் கம்பிகளின் இழுப்பும் ஏறக்குறையச் சமமாகிவிடுவதால் சக்கரம் முன்பைவிட உறுதியாகும். டிஸ்க் பிரேக் வண்டியில் இந்த வித்தையைக் காட்டக் கூடாது. ஹப்போடு தட்டும் நகர்ந்து பிரேக்கின் பிடியை விட்டு விலகிவிடும்.

பழைய பிரீவீலை உளியும் சுத்தியலும் வைத்து அடித்துக் கழற்ற விடாதீர்கள். அதன் உள்பற்களுக்குப் பொருந்தும் 'கழற்றி' என்ற கருவி கடைகளில் கிடைக்கிறது. முந்தைய இரவே புரியில் எண்ணெய் விடுங்கள். கழற்றியை மாட்டி, அது நழுவாதபடி அச்சு நட்டை லேசாகப் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றியைப் பட்டறைப் பிடியில் (வைஸ்) கவ்வவைத்து, ரிம்மின் இருபுறமும் பிடித்து பஸ் ஸ்டீயரிங்கைப்போல இடப்பக்கமாகத் திருப்புங்கள். 'டக்' என்று விட்டதும் நட்டை எடுத்துவிடுங்கள். புதிய பிரீவீலுக்குப் புரியில் கிரீஸ் தடவி, முதலில் கையால் மட்டும் திருகுங்கள். சிக்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹப்பின் புரி போனால் ஹப்பே போயிற்று.

செயினும் புதிதாக வாங்குங்கள். சாதாரண சைக்கிள் பிரீவீலின் பல் தடிமனானது. கியர் வண்டியின் மெல்லிய செயின் அதில் இறங்காது. சாதாரண சைக்கிளின் அகலச் செயின் முன், பின் பல்சக்கரம் இரண்டிலும் ஓடும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கும் வண்டியானால், மாட்டிய பின், நடுவில் விரலால் தட்டினால் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆடட்டும். விறைப்பாக இருந்தால் ஹப்பின் குண்டுகள் தேயும்.

முன்பக்க மூன்று சக்கரங்கள் ரிவெட் அடித்தவையானால் அப்படியே விடுங்கள். நடுச் சக்கரம் ஒன்றே போதும். கியர் மாற்றியும் பிரேக் பிடியும் ஒரே துண்டாக இருந்தால் மாற்றியைப் பிய்க்கப்போய்ப் பிரேக்கை இழக்காதீர்கள். தனிப் பிரேக் பிடி வாங்கி மாட்டிவிட்டுப் பழையதை எடுங்கள். எல்லாம் கழற்றியும் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான் குறையும்.

மகன் கேட்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபிக்ஸ்டு வண்டிக்கான ஹப்பில் பல்சக்கரத்தை வெளியிலிருந்து பூட்டும், எதிர்த்திசையில் திருகும் வளையம் ஒன்று உண்டு. உங்கள் ஹப்பில் அது கிடையாது. இதில் ஃபிக்ஸ்டு பல்சக்கரத்தைத் திருகி, வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் பல்சக்கரமே கழன்று வந்துவிடும். பிரீவீலுக்குள் வெல்டிங் வைத்து அசையாமல் செய்தாலும் இதே கதைதான். அவனுக்கு அவ்வளவு ஆசை இருந்தால் அதற்கென்றே செய்த பின்சக்கரத்தைத் தனியாக வாங்கட்டும். அப்போதும் முன் பிரேக்கைக் கழற்ற விடாதீர்கள்.