எங்கள் ஊராட்சியில் போட்ட சிமெண்ட் சாலையின் செலவு ஆவணங்களை ஆர்டிஐ மூலம் எப்படி வாங்குவது? "கேள்விகளுக்குப் பதில் தர இயலாது" என்று திருப்பிவிட்டார்கள்

"சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது, எவ்வளவு செலவானது, யார் பொறுப்பு" என்று நீங்கள் மனு போட்டிருக்கிறீர்கள். அதற்கு வந்த பதில் பாதி சரி, பாதி தப்பு. ஆர்டிஐ என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. புதிதாக விளக்கமோ கருத்தோ எழுதித் தரவேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. ஆகவே "ஏன்", "யார் பொறுப்பு" இரண்டும் நிற்காது. "எவ்வளவு செலவானது" நிற்கும். அது பணப்பதிவேட்டில் எழுதப்பட்ட தகவல். அதையும் சேர்த்து மறுத்தது தவறு.

மனுவில் கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உள்ளாட்சி அலுவலகங்களில் மனு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு சாலை வேலை நடந்திருந்தால் அதன் பின்னால் வரிசையாகக் காகிதங்கள் இருந்தே தீரவேண்டும். வேலையை எடுக்கச் சொன்ன தீர்மானம், நிர்வாக அனுமதி ஆணை, எஸ்டிமேட் என்கிற மதிப்பீடும் அதற்கான தொழில்நுட்ப அனுமதியும், டெண்டர் விடப்பட்டிருந்தால் அதன் அறிவிப்பும் விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலும், பணி உத்தரவு, ஒப்பந்தப் பத்திரம், எம் புக் என்கிற அளவீட்டுப் புத்தகம், பில் என்கிற பட்டியல், பணம் கொடுத்ததற்கான வவுச்சர், தரப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கை, பணி நிறைவுச் சான்று, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள். இவற்றை இதே பெயர்களில் கேட்டால், "நீங்கள் கேட்பது புரியவில்லை" என்று எழுத வழியில்லை.

மனுவின் உடல் இவ்வளவு போதும்:

"இன்ன ஊராட்சி, இன்ன தெருவில், இன்ன நிதியாண்டில் போடப்பட்ட சிமெண்ட் சாலைப் பணி தொடர்பான கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றளிக்கப்பட்ட நகல்களைப் பிரிவு 2(ஒ), 6(1)-ன் கீழ் வழங்கக் கோருகிறேன். 1. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதியுடன். 2. பணி உத்தரவு. 3. இப்பணிக்கான அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள். 4. பட்டியல் தொகை வழங்கிய வவுச்சர்கள். மேலும், இப்பணிக்கான கோப்பு முழுவதையும் நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் இந்தியக் குடிமகன்."

2(ஒ) என்பது ஆங்கிலத்தில் 2(j). பிரிவு எண் தமிழ் எழுத்தில் குழப்பும் என்று தோன்றினால் அதை விட்டுவிடுங்கள். சட்டத்தின் பெயர் இருந்தால் போதும், பிரிவு எண் இல்லாததால் எந்த மனுவும் செல்லாமல் போகாது. ஒரு மனுவில் ஒரு வேலைதான். "கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த எல்லாப் பணிகளும்" என்று கேட்டால், அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறித் திருப்பிவிடுகிறது என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தில் தராமல் வேறு வடிவத்தில் தரத்தான் அனுமதிக்கிறது, தகவலையே மறுக்க அல்ல. ஆனாலும் அந்த வாதத்தை நடத்தி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

நேரில் பார்வையிடுவதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நகல் கேட்டால் அவர்கள் எடுத்துக் கொடுத்ததுதான் உங்கள் கைக்கு வரும். கோப்பைப் பார்த்தால் கேட்க மறந்ததும் கண்ணில் படும். எம் புக்கில் நீளம், அகலம், கனம் என்று தனித்தனியாக எழுதி, பெருக்கிக் கன அளவு போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு, 150 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் என்றால் 67.5 கன மீட்டர் காங்கிரீட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையை அளந்துபாருங்கள். ஓரத்தில் உடைந்த இடத்தில் கனமும் தெரியும். அங்கே 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், அதுதான் உங்கள் "ஏன் பெயர்ந்தது" என்ற கேள்விக்கு ஆவணத்தோடு கிடைத்த முதல் தடயம். சட்டப்படி, பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக்கூடக் கேட்கலாம். பார்வையிடப் போகும்போது தனியாகப் போகாமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கோப்பு, எத்தனை பக்கம், எந்தப் பக்கங்களின் நகல் தேவை என்று அங்கேயே எழுதிக் கொடுத்து, பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

மனுவை யாருக்கு அனுப்புவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அதிகாரியின் பெயரைப் போடவே போடாதீர்கள், மாற்றலாகிப் போனால் கடிதம் திரும்பி வரும். "பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்" என்று போட்டு ஊரையும் பின்கோடையும் எழுதினால் போதும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றாலும் இதே முறைதான். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, பிரிவு 6(3). "எங்களிடம் இல்லை, அங்கே கேளுங்கள்" என்று மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது.

மனுக் கட்டணம் தமிழ்நாட்டில் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி மனுவில் ஒட்டுவதுதான் எளிது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு இந்த ஸ்டாம்ப் செல்லாது, அங்கே போஸ்டல் ஆர்டர் வைக்கவேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் கிடையாது. தமிழில் எழுதலாம், வெள்ளைத்தாளில் கையால் எழுதலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. 2014ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றில் காரணம் சொல்லவேண்டும் என்று வந்தது, அந்த வரிகளை நீதிமன்றமே சில நாட்களில் நீக்கிவிட்டது. அதைக் காட்டி இன்றும் யாராவது காரணம் கேட்டால் ஏற்காதீர்கள். மனுவைச் சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்பாமல் உங்கள் சொந்தப் பெயரில் அனுப்புங்கள். உரிமை குடிமக்களுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை என்று தள்ளிவிட இடம் கொடுக்க வேண்டாம்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தை அன்றைக்கே அச்செடுத்து மனு நகலோடு சேர்த்து வையுங்கள். சில காலம் கழித்துத் தேடினால் அஞ்சல் தளத்தில் அது இருக்காது. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பின்னால் வரும் கெடு எல்லாமே இந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு.

கணக்கு இப்படி: மனு மார்ச் 3 அன்று அலுவலகத்துக்குக் கிடைத்தால் 30 நாள் ஏப்ரல் 2ல் முடிகிறது. பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே அர்த்தம். அங்கிருந்து 30 நாளுக்குள், அதாவது மே 2க்குள், அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதவேண்டும். அவருக்கு அது ஏப்ரல் 10ல் கிடைத்தால் மே 10க்குள் முடிக்கவேண்டும், காரணத்தைப் பதிவு செய்து மே 25 வரை நீட்டலாம். அவரும் பேசாமல் இருந்தால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. 90 நாளை மே 10லிருந்தே எண்ணி ஆகஸ்ட் 8க்கு முன் அனுப்பிவிடுவது பாதுகாப்பு. இரண்டு மேல்முறையீட்டுக்கும் கட்டணம் இல்லை.

இடையில் கூடுதல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் தாமதிக்காமல் கட்டுங்கள். அவர்கள் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது. அந்தக் கடிதத்தில் எத்தனை பக்கம், மொத்தம் எவ்வளவு என்று கணக்குக் காட்டியிருக்க வேண்டும். 30 நாள் தாண்டிய பிறகு பணம் கேட்டால் கட்டவேண்டாம், அப்போது இலவசமாகத் தரச் சொல்கிறது பிரிவு 7(6).

ஆணையத்துக்கு எழுதும்போது பலர் பிரிவு 18ன் கீழ் புகார் மட்டும் போடுகிறார்கள். புகாரில் அதிகாரிக்கு அபராதம் போடலாம், ஆவணத்தைத் தரச்சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உங்களுக்கு ஆவணம் வேண்டுமென்றால் பிரிவு 19(3)-ன் கீழ் இரண்டாம் மேல்முறையீடுதான் போடவேண்டும். அபராதம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000, தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. இதை முதல் மனுவிலேயே எழுதி மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மேசையில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் பல நேரம் தர மனமுள்ளவர்தான், அவரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம்.

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வருபவை இரண்டு. ஒன்று, "மூன்றாம் நபர் தகவல்", "தனிநபர் தகவல்". ஒப்பந்தக்காரருக்கு ஊராட்சிப் பணத்திலிருந்து கொடுத்த தொகை அவருடைய அந்தரங்கம் ஆகாது. ஆனால் எச்சரிக்கை தேவை: தனிநபர் தகவல் பற்றிய பிரிவு 8(1)(ஜே), தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 மூலம் திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநல விதிவிலக்கு இப்போது இல்லை. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது, மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். கூடவே, "வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், கைபேசி எண் இருந்தால் மறைத்துவிட்டு மீதியைத் தரவும்" என்று முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். பிரிவு 10 அப்படிப் பிரித்துத் தரச் சொல்கிறது. இந்த ஒரு வரி நிறைய மறுப்புகளைத் தடுக்கும்.

இரண்டாவது, "ஆவணம் காணவில்லை". சட்டத்தில் இப்படி ஒரு விலக்கே கிடையாது. காணாமல் போனதென்றால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க ஆணையம் உத்தரவிடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013ல் சொல்லியிருக்கிறது. இப்படிப் பதில் வந்தால் முதல் மேல்முறையீட்டோடு நிறுத்தாமல் புது மனு ஒன்றும் போடுங்கள்: அந்த ஆவணத்தைப் பாதுகாக்கவேண்டிய கால அளவைச் சொல்லும் ஆணை, அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பதிவேட்டின் பக்கம், கடைசியாகப் பொறுப்பு மாறியபோது எழுதிய ஒப்படைப்புப் பட்டியல். ஒப்படைப்புப் பட்டியலில் அந்தக் கோப்பு இருந்து இப்போது இல்லையென்றால், யார் கையில் இருக்கும்போது தொலைந்தது என்பது தெரிந்துவிடும். நடைமுறையில், இந்த மனு போன பிறகு பல கோப்புகள் கிடைத்துவிடும்.

அதே காகிதம் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். திட்ட நிதியில் நடந்த வேலை என்றால் நிர்வாக அனுமதியும் நிதி விடுவித்த ஆணையும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். கணக்கில் எழுப்பிய ஆட்சேபங்கள், அதாவது தணிக்கைத் தடைகள், தணிக்கை அலுவலகத்தில் இருக்கும். அங்கே தனி மனு போட்டு, வரும் நகலை ஒன்றியம் தந்ததோடு ஒப்பிடுங்கள். தொகையோ தேதியோ மாறியிருந்தால் அது முக்கியமான ஆதாரம்.

சில ஆவணங்களுக்கு ஆர்டிஐ தேவையே இல்லை. பட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று எல்லாம் அரசின் இணையதளங்களில் உடனே கிடைக்கும். ஊராட்சியின் திட்டமும் செலவும் மத்திய அரசின் இகிராம்ஸ்வராஜ் (eGramSwaraj) தளத்தில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. மனு எழுதும் முன் அங்கே வேலையின் பெயரையும் தொகையையும் பார்த்துக்கொண்டால், மனுவில் அதே பெயரைப் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு அங்கே வைக்கப்படவேண்டும், கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

உள்ளூரில் பெயர் தெரிந்தால் தொல்லை வரும் என்ற பயம் நியாயமானது. பெயர் கட்டாயம், வீட்டு முகவரி கட்டாயமில்லை. தொடர்புகொள்ளும் அளவுக்கு விவரம் இருந்தால் போதும் என்றே பிரிவு 6(2) சொல்கிறது, தபால் பெட்டி எண் கொடுக்கலாம். வெளியூரில் இருக்கும் நண்பரோ உறவினரோ தன் பெயரில் கேட்கலாம், அந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

உங்கள் விஷயத்தில், பழைய மனுவுக்கு வந்த பதில் உங்கள் கைக்குக் கிடைத்து இன்னும் 30 நாள் ஆகவில்லை என்றால், "எவ்வளவு செலவானது" என்ற பகுதிக்கு மட்டும் இன்றே முதல் மேல்முறையீடு போடுங்கள். மற்றவற்றுக்கு மேலே சொன்ன மாதிரி புது மனு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.