ஒடுங்கிய டின்னைத் தூக்கிப்போட மனம் வராதவருக்கு

வணக்கம் சகோதரி. கோலாலம்பூர் உணவு வங்கிக் கிடங்கில் முதல் நாளே ஒடுங்கிய டின்களை ஒதுக்கச் சொன்னார்கள், மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பினாங்கில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு சார்டின் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன்.

எல்லா ஒடுக்கும் ஒன்றல்ல. நடுவில் லேசாக அமுங்கியிருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. மேல் கீழ் விளிம்பிலோ பக்கவாட்டு மூட்டிலோ அடிபட்டிருந்தால்தான் வம்பு: கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே கிருமி புகுந்துவிடும். கட்டைவிரலை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மூடியை அழுத்தும்போது ‘டொக்’கென்று உள்ளே போய்த் திரும்ப எழும்பினாலும், டின் உப்பியிருந்தாலும், கசிந்தாலும் யோசிக்காமல் வீசிவிடுங்கள். கெட்டுப்போன டின்னில் கிருமி உண்டாக்கும் போட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020 கொடுப்பவரைத்தான் காக்கும், சாப்பிடுபவர் வயிற்றை அல்ல!

டின்னில் மலாயில் அச்சிட்ட தேதியில், ‘பாயிக் செபெலும்’ (இதற்கு முன் சாப்பிட்டால் நல்லது) என்பது தரத்துக்கு. ‘தாரிக் லுப்புட்’ (காலாவதி தேதி) தாண்டியதைத் தொடவே வேண்டாம்.

சந்தேகமானதைத் தனிப் பெட்டியில் போட்டு, கடைசியில் சூப்பர்வைசரிடம் மொத்தமாகக் காட்டுங்கள். அப்புறம், கையுறை கொண்டு போங்கள். துருப்பிடித்த விளிம்பு கையைக் கீறிவிடும்.